தொண்டையை வைத்துப் பிழைத்த கதை

என்னுடைய முதல் பெரிய வேடத்தைப் பார்க்க அப்பா வந்திருந்தார். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜேர்மனியில். மொசார்ட்டின் ‘மாயக் குழல்’ ஓபராவில் நான் இளவரசன் தமினோ. மூன்று மணி நேரம் குளிர்கோட்டைக் கழற்றாமல் ஐந்தாம் வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, கலைஞர்கள் வெளியே வரும் பின்வாசலில் காத்து நின்றார். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் கேட்டார். “மைக்கை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?” என்பது முதலாவது. “பாட்டெல்லாம் சரி, காலில் தாளம் எங்கே?” என்பது இரண்டாவது.

அப்பா யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கூத்தாடியவர். அந்தோனியார் கோயில் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்துகளில் ராசா வேடம் கட்டியவர். அங்கே ராசா மேடைக்கு வந்தால் ஆட்டமும் பாட்டும் ஒன்றாக வரும். கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கும் கிழவிக்கும் குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எல்லார் முன்னிலையிலும் ஏசுவார். ஆகவே அப்பா கேட்டது தெரியாத்தனமான கேள்வி அல்ல. தொழில் தெரிந்தவரின் சந்தேகம். ஐம்பது பேர் வாத்தியம் வாசிக்க, அத்தனைக்கும் மேலே ஒரு மனிதக் குரல் மைக் இல்லாமல் கேட்கிறது என்றால், எங்கோ களவு நடக்கிறது என்றுதான் அவருக்குப் பட்டது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதிலைக் கற்பதற்குத்தான் இசைக் கல்லூரியில் ஆறு வருடம் செலவழித்தேன்.

என் கதை பெரிய கதை அல்ல. 11 வயதில், 1985இல், பெற்றோருடன் ஜேர்மனிக்கு வந்தேன். பள்ளி முடித்து மின்வேலை பழகினேன். ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினேன். அங்கே ஆர்கன் வாசித்த மனிதர் விடாமல் நச்சரித்ததால், 22 வயதில் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் போனேன். பிறகு இரண்டு நகராட்சி அரங்குகளில் ஒன்பது பருவங்கள், அதாவது ஒன்பது வருடம், தனிப்பாடகன். இரண்டு வருடம் யார் கூப்பிட்டாலும் ஓடுகிறவன். 2013 முதல் கோரஸில், அதாவது கூட்டாகப் பாடும் குழுவில், இரண்டாம் டெனர். டெனர் என்பது ஆண் குரல்களில் உயரமானது. உலகப் புகழ் பெற்ற டெனர் பவரோட்டியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவரைப்போல் ஒருவர் மேலே நிற்கும்போது கீழே என்னைப்போல் சில நூறு பேர் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டை நம்பிப் பிழைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும், அந்த நினைப்பைக் கேட்டுத் தூக்கம் தொலைத்த பெற்றோருக்கும் இந்தக் கீழ்வரிசைக் கணக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். இசைக்குழுவின் ஒலி ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் மிகத் தடிப்பாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக மெலிந்துகொண்டே வரும். பழக்கப்பட்ட ஆண் குரலில், குரல்வளைக்கு மேலுள்ள சிறு வெளியைக் குறிப்பிட்ட விதமாக வைத்துக்கொள்வதால், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை சேர்கிறது. வாத்தியங்கள் மெலியும் இடத்தில் குரல் தடிக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதை அளந்து விளக்கினார். பஸ் இரைச்சலுக்குள் சைக்கிள் மணி கேட்கிறதே, அதே கணக்கு. மணி பஸ்ஸைவிடப் பெரிய சத்தம் போடவில்லை; பஸ் இல்லாத இடத்தில் ஒலிக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, “அதற்குத்தானே நாங்கள் குரலை மூக்கடியில் தூக்கி வைத்துப் பாடுவது” என்றார். ஆறு வருடப் படிப்பு அந்த ஒரு வரியில் கொஞ்சம் வெளிறித்தான் போயிற்று.

டெனரின் தொல்லை முழுவதும் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. பியானோவின் நடு ‘சி’க்கு மேலே ‘ஈ’ முதல் ‘எஃப் ஷார்ப்’ வரை மூன்று கட்டைகள். பேச்சுக் குரல் அங்கே முடிகிறது. அப்படியே தள்ளினால் கத்தலாகும். விட்டுவிட்டால் பொய்க்குரலாக உடையும். அந்த வாசலை உடையாமல் கடக்க, ‘ஆ’ என்ற உயிரை ‘ஓ’ பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும். கேட்பவருக்கு அது ‘ஆ’வாகவே கேட்கவும் வேண்டும். எனக்கு இது இரண்டு வருடம் பிடிபடவில்லை. ஒரு நாள் வகுப்பில் ஆசிரியை, உன் தாய்மொழியில் ‘ஆ’விலிருந்து ‘ஓ’வுக்கு வழுக்கிப் போகும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து ‘ஆற்றோரம்’ என்றேன். அதை ‘எஃப்’பில் பாடச் சொன்னார். ‘ஆ’ எழுந்து, நாக்கு ‘ற்ற’வில் தட்டி, ‘ஓ’வில் விழுந்தபோது, வாசலில் ஏதோ கொக்கி கழன்றதுபோல் இருந்தது. அதன்பிறகு அவர் அதைத் தன் ஜேர்மன் மாணவர்களுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு பருவம் முழுவதும் கல்லூரித் தாழ்வாரத்தில் பொன்னிறத் தலைகள் ‘ஆட்ரோராம்’ என்று முழங்கிக்கொண்டிருந்தன.

சொந்த மொழியில் பயிற்சிச் சொல்லைத் தேடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான். இத்தாலிய உயிரெழுத்துகளைப் புத்தகத்தில் படிப்பதைவிட, வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவது லேசு.

இந்த வாசலுக்கு அப்பால் இருக்கும் மேல் ‘சி’ என்ற உச்ச சுரம்தான் உலகத்துக்குத் தெரிந்த டெனர். 1830கள் வரை டெனர்கள் அந்த உயரத்தை மெல்லிய தலைக்குரலில் தொட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். கில்பேர் டூப்ரே என்ற பிரெஞ்சுக்காரர், ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவில் அதை நெஞ்சுக் குரலின் முழு வலுவோடு பாடினார். 1837இல் பாரிஸ் நகரம் கொண்டாடித் தீர்த்தது. ரோசினிக்குப் பிடிக்கவில்லை. கழுத்தறுபடும் சேவலின் ஓசை என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆனால் சனம் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கடனை எல்லா டெனர்களும் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1972இல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரங்கில் பவரோட்டி ஒரே பாட்டில் ஒன்பது மேல் ‘சி’க்களை வரிசையாகப் பாடினார். அத்துடன் வட்டி இன்னும் ஏறியது.

என் ஒன்பது பருவங்களில் மேடையில் மேல் ‘சி’ பாடியது இருபது தடவைகூட வராது. மீதி நாட்களில் என்ன பாடினேன்? ஓபரெட்டா என்ற சிரிப்பு ஓபராவில் முட்டாள் மருமகன். இசை நாடகத்தில் போலீஸ்காரன். டிசம்பர் மாதம் முழுவதும், ஹும்பெர்டிங்கின் ‘ஹென்ஸலும் கிரேட்டலும்’ ஓபராவில் சூனியக்காரக் கிழவி. அந்த வேடம் பெண் குரலுக்கு எழுதப்பட்டது. ஆனால் டெனருக்குப் பாவாடை கட்டிவிடுவது இங்கே பழைய வேடிக்கை. காலை 11 மணிக் காட்சியில் அறுநூறு பள்ளிப் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஊளையிடுவார்கள். என்னை அடுப்பில் தள்ளியதும் வரும் கைதட்டலைப்போல் ஒன்று எனக்குத் தமினோவில் ஒருபோதும் கிடைத்ததில்லை. சம்பளம் முதல் வருடம் மாதம் 1,900 யூரோ, வரி பிடிப்பதற்கு முன். அதே கட்டடத்தில் விளக்குப் போடும் மின்வேலைக்காரர் என்னைவிடக் கூடுதலாக வாங்கினார். நான் விட்டுவிட்டு வந்த வேலை அது!

வேலை கிடைப்பது குரல் தேர்வில். ஜேர்மனியில் பொதுப்பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் எண்பதுக்கும் மேல். உலகில் வேறெங்கும் இத்தனை இல்லை. ஆகவே கொரியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நல்ல நல்ல டெனர்கள் சூட்கேஸோடு இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். தேர்வுக்கு வழக்கமாக ஐந்து பாடல்கள் தயாராக வைத்துக்கொண்டு போவோம். முதலாவதை நாம் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதை இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள், கேட்டால். கேட்காவிட்டால் “நன்றி” என்று ஒரு சொல் வரும். வெளியே போக வேண்டியதுதான்.

முதல் மூன்று தேர்வுகளிலும் நான் புச்சினியின் ‘லா பொஹேம்’ பாட்டில் தொடங்கினேன். அதில் மேல் ‘சி’ வருகிறது. காட்ட வேண்டும் என்ற ஆசை. மூன்றாவது இடத்தில் ‘சி’ பாதியில் பிளந்தது. பியானோ வாசித்த பெண் மட்டும் என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார், இரக்கமாக. நாலாவது தேர்வில் ‘டான் ஜோவானி’யின் அமைதியான டெனர் பாட்டில் தொடங்கினேன். நடுராத்திரியில் தட்டி எழுப்பினாலும் பாடக்கூடிய பாட்டு அது. வேலை கிடைத்தது. இருட்டில் இருப்பவர்கள் தேடுவது இந்த ஆள் வருடத்துக்கு எண்பது காட்சிகள் விழாமல் பாடுவானா என்பதைத்தான். இன்னொன்று: பியானோக்காரருக்குக் கொடுக்கும் இசைத்தாளைப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். விளக்கு பட்டு எழுத்து மறையும், தாள் புரட்டும்போது வழுக்கும். அவர் தடுமாறினால் விழுவது உங்கள் குரல். முகவர்கள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அரசின் வேலைவாய்ப்பு அமைப்பிலேயே மேடைக் கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, தரகு வாங்காமல் பாடவைத்துக் கேட்டு அனுப்பிவைக்கும். எனக்கு முதல் வேலை அதன் வழியாகத்தான் வந்தது.

இனி என் பெரிய பிழை. 2006. இரண்டாவது அரங்கில் முதல் பருவம் முடிந்து இரண்டாவது தொடங்கியிருந்தது. வேபரின் ‘டெர் ஃப்ரைஷூட்ஸ்’ ஓபராவில் வேட்டைக்காரன் மாக்ஸ் வேடத்துக்கு இருந்தவர் வேறிடம் போய்விட்டார். என்னைக் கேட்டார்கள். என் குரல் மெல்லிய லிரிக் டெனர். மாக்ஸுக்கு இன்னும் ஒரு சுற்றுக் கனமான குரல் வேண்டும். டெனர்களை எடை வகுப்புகளாகப் பிரித்துவைக்கும் பழக்கம் இங்கே உண்டு, குத்துச்சண்டைக்காரர்களைப்போல. நான் வகுப்புத் தாண்டினேன். மறுத்தால் அடுத்த தடவை கேட்க மாட்டார்களோ என்று பயம். கேட்டதில் கொஞ்சம் பெருமையும்.

முதல் நாலு காட்சிகள் நன்றாகவே போயின. அதுதான் கெடுதல். ஐந்தாவதிலிருந்து காலையில் எழுந்தால் குரல் பதினொரு மணி வரை வராது. ஏழாவது காட்சியில் அந்த மூன்று கட்டை வாசலில், ‘எஃப் ஷார்ப்’பில், வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். இரண்டு தாளம் கழித்துக் குரல் திரும்பியது. சபையில் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு முழங்கால் நடுங்கிற்று.

குரல் மருத்துவர் மூக்கு வழியாகக் கமெராவை விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக, விளிம்பு நேராக இருக்க வேண்டிய இரண்டு குரல்நாண்களும் நடுவில் சிவந்து வீங்கியிருந்தன, கொப்புளிக்கத் தொடங்கும் குதிகால்போல. ஆறு வாரம் பாடக் கூடாது. முதல் பத்து நாள் பேசவும் கூடாது. கிசுகிசுப்பது ஓய்வு அல்ல, அதுவும் நாண்களை உரசும் என்றார். ஒரு சிறு கரும்பலகையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மா அதில் எழுதியதை வாசிக்க மறுத்துவிட்டார்; “வாயைத் திறந்து கேள், சோறு போடுகிறேன்” என்று நின்றார்.

இந்தத் தொழிலில் கார்ட்டிசோன் என்ற பிசாசு ஒன்று இருக்கிறது. மாலையில் ஓர் ஊசி, வீக்கம் வடியும், இரவு பாடிவிடலாம். எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வருடத்தில் ஒரு தடவை, மருத்துவர் நாண்களைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் பரவாயில்லை. பார்க்காமல் வாங்குவது வலியை அணைத்துவிட்டு உடைந்த காலால் ஓடுவது. மேடை நாட்களில் அஸ்பிரினையும் தொடாதே என்றார். இரத்தம் இளகி, நாணில் கசிந்தால், ஓர் இரவில் பருவமே போகும்.

அந்த ஆறு வாரமும் பழைய டெனர்களைப் பற்றித்தான் படித்தேன். ஸ்பெயின்காரர் அல்ஃப்ரேடோ க்ராவுஸ் தன் குரலுக்குப் பொருந்தும் கொஞ்ச வேடங்களுக்குள்ளேயே நின்றுகொண்டார். கனமான வேடங்களுக்கு எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை. எழுபதைத் தொடும் வரை பாடினார். யோனாஸ் கௌஃப்மனின் கதை நேரெதிர். 1994இல் சார்ப்ருக்கனில் தொடங்கியபோது, இளம் டெனர் என்றால் மெல்லியதாகத்தான் பாட வேண்டும் என்று குரலைச் சுருக்கிப் பாடி அடைத்துக்கொண்டார். பிறகு ட்ரியரில் ஓர் ஆசிரியரிடம் அடியிலிருந்து கற்று, தன் இயல்பான இருண்ட கனத்த குரலைக் கண்டுபிடித்தார். கனமாகப் பாடினாலும் கெடும், மெல்லியதாகப் பாடினாலும் கெடும். அவனவன் குரல் எது என்பது வேறு யாருக்கும் தெரியாது என்று அந்தக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். அம்மா அழித்துவிட்டு மளிகைச் சாமான் பட்டியல் எழுதினார்.

அம்மாவின் பேச்சு வந்ததால் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காட்சி முடிய இரவு பத்தரை. அதற்கு முன் வயிற்றை நிரப்பினால் மூச்சு இறங்காது. ஆகவே வீட்டுக்கு வந்து பதினொன்றரைக்கு இடியப்பமும் மீன் குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுப்பேன். விடியும்போது வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு ஏறியிருக்கும். நெஞ்செரிச்சலே தெரியாமல் குரல்வளையை மட்டும் அரித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் கண்டுபிடித்தார். இப்போது காட்சி நாளில் பெரிய சாப்பாடு பகல் இரண்டரைக்கு. இரவில் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் ரொட்டி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகள். தேன், மிளகு, இஞ்சிச் சாறு, பச்சை முட்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடாது. அது வேறு குழாய். வெந்நீர் ஆவியும் தூக்கமும்தான் எனக்கு உதவியவை.

இனி அப்பாவின் இரண்டாவது கேள்வி, காலில் தாளம் எங்கே என்பது. 2008இல் எங்கள் அரங்கில் பிஸேயின் ‘முத்துக் குளிப்போர்’ போட்டார்கள். பிஸே 24 வயதில் எழுதியது, 1863இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடக்கும் இடம் இலங்கை! டெனர் பாத்திரம் நாதிர், இலங்கைக் கரையின் வேட்டைக்காரன். நடிகர் குழுவில் இலங்கையில் பிறந்த ஒரே மனிதன் நான்தான்; ஆகவே பயிற்சி முதல் நாளிலேயே இயக்குநர் என்னிடம் “இது அங்கே எப்படி இருக்கும்?” என்று கேட்கத் தொடங்கினார். என்ன சொல்வது? கதையில் ஆண்களின் பெயர்கள் நாதிர், ஸுர்கா. பாசையூரில் நான் கண்டவர்கள் யோசேப்பும் மரியதாசும். எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவை நினைத்துப் பிறகுதான் இலங்கைக்கு மாற்றினார்களாம். அதுவும் தெரிகிறது.

அப்பாவிடம் கதையைச் சொன்னபோது முதலில் சிரித்தார். முத்துக் குளிப்பவர்களைக் காக்க ஒரு பெண் முகத்திரை போட்டுப் பாறைமேல் நின்று இரவெல்லாம் பாட வேண்டும் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. “அது கடல்கட்டி அல்லவா?” என்றார். மன்னார்ப் பக்கம் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவனுக்கு அந்தப் பெயர். அவன் ஓதாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். பாரிஸ்காரர்களுக்கு இது எங்கிருந்தோ காதில் விழுந்திருக்க வேண்டும், அல்லது தற்செயல். எதுவாயினும் அப்பாவுக்கு அந்த ஓபரா அன்று முதல் சொந்தமாகிவிட்டது.

நாதிரின் பாட்டு டெனருக்கு ஒரு தண்டனை. உயரத்திலேயே தங்கி, கிட்டத்தட்டத் தாலாட்டு அளவுக்கு மென்மையாகப் பாட வேண்டும். வலுவால் ஏற முடியாது. மாக்ஸில் அடிபட்ட குரலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடைத்திருக்காது. நான் நுழையும் இடத்தில் இரண்டு அடி கூத்து ஆட்டம் போட இயக்குநரிடம் கேட்டேன்; மகிழ்ச்சியோடு விட்டார். ராசா வரவுக்கு அப்பா போடும் அதே அடி. முதல் நாள் இரவு பின்வாசலில் அப்பா நின்றார், அதே குளிர்கோட்டு. “தாளம் அரை மாத்திரை பிந்துகிறது” என்றார். உண்மைதான். இசைக்குழு நடத்துநரின் கோலைப் பார்த்துவிட்டுக் காலை வைத்தால் அப்படித்தான் ஆகும். கூத்தில் மத்தளக்காரன் காலைப் பார்ப்பான்.

2010 ஒக்டோபரில் கடிதம் வந்தது. இங்கே தனிப்பாடகர் ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம் தானாக நீளும். நீட்ட விருப்பமில்லை என்றால் அரங்கு ஒக்டோபர் 31க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். நீண்ட காலம் இருந்தவர்களுக்கு அந்தத் தவணை இன்னும் முந்தும். 15 வருடம் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் வெளியே அனுப்புவது கடினம். ஆகவே பலரை அதற்குச் சற்று முன்பே அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது காரணம் அல்ல. புதிய அரங்குத் தலைவர் வருகிறார், அவருக்கு அவருடைய ஆட்கள். சட்டப்படி ஒரு பேச்சு நடத்த வேண்டும், நடத்தினார்கள். பத்து நிமிடம். என் பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இளையவர்களுக்கு நான் சொல்வது: ஒப்பந்தம் கையில் இருந்தாலும் ஒவ்வொரு செப்டெம்பரும் அந்த ஐந்து பாடல்களையும் தூசி தட்டி வையுங்கள். இன்னொரு கைத்தொழிலை மறக்காதீர்கள். அடுத்த இரண்டு வருடம் என் வாடகையில் பாதியை மின்வேலைதான் கட்டியது.

மீதிப் பாதியைக் கட்டியது பதிலாள் வேலை. எங்கோ ஒரு டெனர் காலையில் எழுந்து குரல் இல்லை என்று சொல்வான். பெரிய நட்சத்திரம் என்றால் வேறு விஷயம்; பவரோட்டி சிக்காகோவில் எட்டு வருடங்களில் ஒப்புக்கொண்ட 41 காட்சிகளில் 26ஐ ரத்து செய்ததால், 1989இல் அந்த ஓபரா நிறுவனம் அவரோடு உறவையே முறித்துக்கொண்டது. எங்கள் மட்டத்தில் மருத்துவரின் சீட்டு போதும். அரங்கு அலுவலகம் பத்து மணிக்குள் நாடெங்கும் தொலைபேசி சுழற்றும். யாருடைய சளியோ நமக்குச் சோறு. 1955இல் ஷ்டுட்கார்ட்டில் சேர்ந்த ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ், மூத்த டெனர் ஒருவருக்குப் பதிலாகத் தமினோ பாடியதில்தான் வெளிச்சத்துக்கு வந்தார். ஜேர்மன் மொழியில் அதற்கு இணையான தமினோ அதன்பிறகு வரவில்லை என்பது என் கட்சி. 1966இல், 36ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன், நண்பர் வீட்டுப் படியில் விழுந்து இறந்துபோனார்.

என்னை அப்படி ஓர் இரவும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் 2012 ஜனவரியில் ஓர் இரவு மறக்காது. காலை ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு. தமினோ. நாலு மணி நேர ரயில் பயணம், வழியில் பனி, போய்ச் சேரும்போது ஐந்து பத்து. காட்சி ஏழரைக்கு. அவர்களுடைய தயாரிப்பில் வசனங்கள் வேறு மாதிரி வெட்டப்பட்டிருந்தன, மேடை சுழன்றது, உடை என்னைவிட ஒரு தலை உயரமானவனுக்குத் தைத்தது. இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. ஆகவே துணை இயக்குநர் பையன் உடையைப் போட்டு நடிப்பது, வசனம் பேசுவது; நான் கறுப்புச் சட்டையில் மேடையின் இடது ஓரத்தில், இசைத்தாள் தாங்கிக்குப் பின்னால் நின்று பாடுவது என்று முடிவாயிற்று. இங்கே இது வழக்கம்தான். சபைக்கு ஒருவர் வந்து அறிவிப்பார், சபை கைதட்டும்.

பையனுக்குப் பாட்டுத் தெரியும், ஆனால் நான் எங்கே மூச்செடுப்பேன் என்று தெரியாது. முதல் காட்சியில் பாம்பு துரத்த ஓடிவந்தவன், என் குரல் எழுந்து அரை விநாடி கழித்துத்தான் வாயைத் திறந்தான். இரண்டாவது பாட்டில் தமினோ ஓவியத்தைப் பார்த்துக் காதல் கொள்ளும் இடம். அவன் கையில் ஓவியம், கண் மட்டும் ஓரத்தில் என்னிடம். அப்போதுதான் விளங்கியது: அவன் என் தோளைப் பார்க்கிறான். மூச்சு இழுக்கும்போது என் இடது தோள் கொஞ்சம் ஏறும். ஆசிரியை ஆறு வருடம் திருத்தப் பார்த்துத் தோற்ற பழக்கம் அது. தோள் ஏறியதும் அவன் வாய் திறந்தது. அதன்பின் இரவு முழுவதும் நாங்கள் ஒரே ஆளாகப் பாடினோம். ஆயிரம் யூரோ கொடுத்தார்கள். தண்ணீர்தான் கிடைக்கவில்லை. நான் போத்தலை ஒப்பனை அறையில் மறந்துவிட்டேன், ஓரத்தில் நிற்பவன் நடுவில் வெளியே போக முடியாது. கடைசிக் காட்சியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

இப்போது கோரஸ். தனிப்பாடகனாக இருந்து கோரஸுக்குப் போவது இறக்கம் என்று சொல்பவர்கள் சம்பளச் சீட்டைப் பார்த்ததில்லை. என் முதல் கோரஸ் சம்பளம் நான் தனிப்பாடகனாக வாங்கிய கடைசிச் சம்பளத்தைவிட அதிகம். இரவு பதினொன்றுக்குத் தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கலாம். பிள்ளைகளின் பள்ளி விழா எந்தத் திகதி என்று தெரியும். குறை ஒன்றுதான்: நாற்பது பேரில் ஒருவனாகப் பாடும்போது அந்தச் சைக்கிள் மணியைக் குறைத்து வைக்க வேண்டும். தனித்துக் கேட்டால் கோரஸ் தலைவர் விரலை உதட்டில் வைப்பார். கற்றதை ஒளிப்பதற்கும் இரண்டு வருடம் பழகினேன்.

போன பெப்ரவரியில் எங்கள் அரங்கிலும் தமினோவுக்குக் காய்ச்சல். மாலை ஐந்தரைக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தான், முப்பது வயதுகூட இருக்காது, தோளில் ஒரு பை, முகத்தில் இரத்தமே இல்லை. ஓரத்தில் நின்று பாடுவது என்று முடிவாயிற்று. தாங்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள், சிறு விளக்கைக் கவ்வவைத்தார்கள். எங்கள் துணை இயக்குநர் உடை மாட்டிக்கொண்டு பதற்றமாக நடந்துகொண்டிருந்தாள். ‘அவன் வாயைப் பார்க்காதே, தோளைப் பார்’ என்று அவளிடம் சொன்னேன். சபை அறிவிப்பு முடிந்து விளக்கு அணைவதற்குள், பையன் தன் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, பின்பக்கம் திரும்பி எதையோ தேடினான்.

தண்ணீர்ப் போத்தலை நான் ஏற்கெனவே தாங்கியின் காலடியில், மூடியைத் தளர்த்தி, வைத்திருந்தேன்.